மடக்கு மாமாவின் கைவாள்

கடவுள் இந்த உலகத்தைப் படைத்தபோது செய்த ஒரே தவறு, அதற்குக் கீல் வைக்காமல் விட்டதுதான் என்று நம்பிய மனிதர் ஒருவர் எங்கள் லயத்தில் இருந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும்போது மட்டும் அது காதில் விழும். மற்ற நேரமெல்லாம், தோட்டத்து வரிசை வீடுகளான லயம் முழுக்க, அவர் மடக்கு மாமாதான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதை எங்கே மடக்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். அவரைப் பார்த்துப் பிள்ளைகள் முழங்கையை மறைத்துக்கொண்டு ஓடுவார்கள்.

அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலையை அரைத்து, காயவைத்து, பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பார். நாள் முழுக்க மடங்காத பெட்டிகளோடு மல்லுக்கட்டித்தான் மனிதருக்கு இந்த வெறி பிடித்தது என்பார் என் அப்பா. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை கழித்துப் போட்ட நீண்ட கோட்டு ஒன்று மாமாவிடம் இருந்தது. அதன் உட்பக்கம் முழுவதும் தானே பைகள் தைத்து, மடக்கு அகப்பை, மடக்கு விளக்கு, மடக்குச் சீப்பு எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பார். அவர் நடந்து வந்தால் பாத்திரக் கடை நடந்து வருவது போலிருக்கும்.

கோயில் திருவிழாவில் கணக்கப்பிள்ளை உட்காருவதற்கு ஒரு மடக்கு முக்காலி கொண்டுவந்து விரித்தார். கணக்கப்பிள்ளை உட்கார்ந்தார். முக்காலி சற்று யோசித்தது. பிறகு மடங்கியது.

"என்னய்யா இது?" என்று தரையிலிருந்து கேட்டார் கணக்கப்பிள்ளை.

"மடங்கிருச்சுங்களா? நல்லதுங்க. மடங்குமோ மடங்காதோன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

அடுத்து அவர் செய்த மடக்குக் கட்டில், ஒருநாள் அவரை உள்ளே வைத்துக்கொண்டே மூடிக்கொண்டது. அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை கட்டில் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

"ஏங்க, உள்ளதான் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்ப இருங்க. சோத்த வடிச்சிட்டு வந்துர்றேன்."

அத்தை கொழுந்து பறிப்பவர். அவருக்கு மூச்சு இழுப்பு உண்டு. குளிர் வந்தால் இழுக்கும். அடுப்புப் புகை பட்டால் அதைவிட மோசமாக இழுக்கும். எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில். லயத்தின் கடைசி வாசலில் நின்றால், மேகம் இல்லாத காலையில் சிவனொளிபாத மலை தெரியும். பருவ காலத்தில் ஊர் ஊராக ஜனங்கள் ஏறப் போவார்கள். அத்தை அந்த வாசலில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். ஏறியதில்லை.

மாமா மட்டும் ஒவ்வொரு பருவத்திலும் தனியாகப் போய்விட்டு வருவார். கூட்டத்தோடு போனால் சாமான்களை விரிக்க இடம் கிடைக்காது என்பார். திரும்பி வந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அத்தைக்குக் கதை கதையாகச் சொல்வார். மலை உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தடவையாக ஏறி வருகிறோமோ, அத்தனை தடவை அதை அடிப்பது வழக்கம். "அடிச்சு அடிச்சு கையே விட்டுப்போச்சு, புள்ள" என்று தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்வார்.

நான் பரீட்சையில் தேறித் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் இல்லை. அப்பா ஹட்டனுக்குப் போய் எனக்கு ஒரு கறுப்புக் குடை வாங்கி வந்தார். வளைந்த மரப்பிடி, இரும்பு முனை. தோட்டத்தில் குடை என்பது சின்ன விஷயம் இல்லை. துரை எதிரே வந்தால் தொழிலாளி குடையை மடக்கிக்கொண்டு மழையில் நிற்க வேண்டும். அப்படி நின்று நின்று பழகியவர் அப்பா. குடையை என் கையில் கொடுத்து, "நீ யாருக்கும் மடக்காத" என்றார். வெயிலிலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

மடக்கு மாமாவுக்கு அந்தக் குடை பிடிக்கவில்லை. "டீச்சரம்மா, நடுவுல அறுத்து ஒரு கீலு வச்சுத் தரவா? பைக்குள்ள போட்டுக்கலாம்" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நான் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வேன்.

நான் தேறினால் மலைக்கு அனுப்புவதாக அம்மா நேர்ந்திருந்தார். அதைக் கேட்ட அத்தை, "நானும் வாரேன்" என்றார். லயமே திரும்பிப் பார்த்தது. தோட்டத்து மருந்துக்காரர் பயமுறுத்தினார். "பாதி மல ஏறுறதுக்குள்ள மூச்சு அடைச்சுரும். சொல்லிட்டேன்." அத்தை ஒரு புதுச் சேலையை மடித்து மூட்டை கட்டினார்.

மாமா ஒருநாள் முழுவதும் யோசித்தார். பிறகு லயத்தாரைக் கேட்டார். "எதுக்கு ஒரே மூச்சுல ஏறணும்? மல என்னா பஸ்ஸா, விட்டுட்டுப் போறதுக்கு? பாதியில ஒரு கூடாரத்தப் போட்டுத் தங்கிட்டு, மறுநா ஏறுனா சாமி வேணாம்னா சொல்லும்?"

"கூடாரம் அடிச்சுத் தங்குறதெல்லாம் தொரமாரு வெளையாட்டு" என்று சிரித்தார் என் அப்பா.

"கோட்டு தொர கோட்டுதானேப்பா" என்றார் மாமா.

வழியில் தங்குமடங்கள் உண்டு. ஆனால் அங்கே கூட்டமும், ஈர விறகுப் புகையும். அத்தைக்குக் குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. புகை இல்லாத நெருப்பு வேண்டும் என்றால், மழையில் கிடந்து ஊறாமல், நின்றபடியே பட்டுப்போன மரத்தின் தடித்த கிளை வேண்டும். அதை எடுக்கக் கோடாலி வேண்டும். அங்கேதான் அத்தை குறுக்கே நின்றார்.

"சாமி மலைக்கு வெட்டுற சாமானத் தூக்கிட்டு வந்தீங்கன்னா நான் வரல. சொல்லிட்டேன்."

மறுநாள் காலை மாமா முகம் தெளிந்து வந்தார். "கோடாலி வேணாம், ரம்ப வாளு போதும். அது வெட்டாது, புள்ள. தேய்க்கும்."

"தேய்க்குமா?"

"நீ சட்டி தேய்க்கிறல்ல, அந்த மாதிரி. ரொம்ப நேரம் தேச்சா மரம் தானா விட்டுக் குடுத்துரும்."

அத்தை யோசித்துப் பார்த்து, தேய்ப்பதில் பாவம் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஹட்டன் கடையில் அருமையான கைவாள்கள் தொங்கின. மாமா ஒன்றைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "மரத்த வெண்ணெயா அறுக்கும்" என்றார் கடைக்காரர். "அறுக்குங்க. மடங்குமா?" என்று கேட்டுவிட்டு அதை இருந்த இடத்திலேயே மாட்டினார்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. முதலில் தேயிலைப் பெட்டிக்குச் சுற்றும் தகட்டுப் பட்டியில், முக்கோண அரத்தால் பல் வைத்தார். எங்கள் லயத்துச் சுவர்கள் கூரைவரை எட்டாது. ஒரு காம்பராவில் இருமினால் எட்டு காம்பராவுக்கும் கேட்கும். அரம் போட்ட சத்தத்தில் லயத்தில் இருந்த பல் எல்லாம் கூசியது. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன என்று என் அம்மா இன்றும் சத்தியம் செய்வார். வாள் முடிந்தது, விறகில் வைத்து இழுத்தார், பற்கள் எல்லாம் புல் மாதிரி படுத்துக்கொண்டன.

இரண்டாவதாக, ஹட்டனில் கடிகாரம் திருத்துபவரிடம் கெஞ்சி, உடைந்த கிராமபோன் சுருள்வில் ஒன்றை வாங்கி வந்தார். நல்ல எஃகு. அதன் கட்டை அவிழ்த்தபோது அது சீறிக்கொண்டு லயம் முழுக்க ஓடி, கணக்கப்பிள்ளை வீட்டு நாயைத் துரத்திவிட்டு நின்றது. மாமாவின் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தியா டீச்சரம்மா? இத மடக்கவே வேணாம். அதுவா சுருண்டுக்குது."

அரங்கள் தேய்ந்தன. பற்கள் வந்தன. பல்லைச் சற்றுச் சாய்த்துவிட்டால்தான் வாள் மரத்தில் சிக்காது என்று ஸ்டோர்த் தச்சர் சொன்னதைக் கேட்டு, எல்லாப் பல்லையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டார். நேராகப் புறப்பட்ட வாள் பாதியில் மனம் மாறி, வளைந்து, ஏறின பக்கத்திலேயே வெளியே வந்தது. மாமா விறகைத் திட்டினார். அத்தைதான் வாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு நிக்குதுங்க, பெரட்டுல தொரயப் பாத்து நிக்கிற மாதிரி. ஒண்ணு விட்டு ஒண்ண அந்தப் பக்கம் திருப்புங்க."

திருப்பினார். வாள் நேராகப் போனது.

சட்டத்துக்குப் பழைய தேயிலைச் செடியின் வைரம் பாய்ந்த தூர். இரண்டு நிற்கும் கட்டைகள், அவற்றைத் தள்ளி நிறுத்த நடுவில் ஒரு குறுக்குக் கம்பு, கீழே வாள், மேலே அத்தையின் கொழுந்துக் கூடைக் கயிறு. கயிற்றுக்குள் அகப்பைக் காம்பைச் செருகி முறுக்கினால் வாள் விண்ணென்று நிற்கும். பிரித்தால், வாள் சுருண்டு சிகரெட் டின்னுக்குள் போகும். கட்டைகள் கோட்டுப் பைக்குள் போகும். குறுக்குக் கம்பு கைத்தடியாகிவிடும். "ஒரு சாமான், ஒரு வேலன்னு இருக்கக் கூடாது" என்று லயத்தாருக்குப் பிரசங்கம் செய்தார்.

நாங்கள் மூவரும் காலையிலேயே ஏறத் தொடங்கினோம். பத்துப் படிக்கு ஒரு தரம் அத்தை நின்றார். மாமா ஒவ்வொரு தரமும் தனக்குத்தான் கால் வலிப்பதாகச் சொல்லி மடக்கு முக்காலியை விரித்து, அதில் அத்தையை உட்கார வைத்தார். செங்குத்து வந்ததும் கைத்தடியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இடம் பார்க்க முன்னே போனார். பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. பாதைக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறைச் சரிவில் படங்குத் துணியைக் கூடாரமாகக் கட்டினோம். எதிரிலேயே பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. மாமா ஒவ்வொரு பையாகக் கவிழ்த்தார். கட்டைகள், டின், கயிறு, அகப்பை.

"அந்தத் தடிய எடு, புள்ள."

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். "கீழ ஒரு சிங்களத்து ஆச்சி ஏற முடியாம அழுதுகிட்டு நின்னுச்சுங்க. குடுத்துட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு."

அந்த மலையில் யாரும் யாரையும் கடிந்து பேசக்கூடாது என்பார்கள். மாமா வாயைத் திறந்தார், மூடினார். மழையில் போய்க் கம்பு தேடினார். கையில் ஒடிந்ததெல்லாம் உளுத்தது, உளுக்காதது ஒடியவில்லை. அறுப்பதற்கு வாள் வேண்டும்; வாளுக்குக் கம்பு வேண்டும். இருட்டிக்கொண்டு வந்தது. அத்தையின் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி சத்தம் வரத் தொடங்கியது. நனைந்த சேலைக்குள் உடம்பு நடுங்கியது. பக்கத்துத் தங்குமடத்திலிருந்து புகை எங்கள் பக்கமாக இறங்கியது.

மாமாவின் பார்வை என் குடையில் பட்டது. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது சரியா இருக்குமா மாமா?" என்றேன்.

"வேணாம். அது உங்கப்பா வாங்கிக் குடுத்தது."

"நீளம் சரியா இருக்குமான்னுதான் கேட்டேன்."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மடங்காத ஒரு பொருளை அவர் அப்படி வாங்கி நான் பார்த்ததில்லை. இரும்பு முனை ஒரு கட்டையின் துளைக்குள் உட்கார்ந்தது. வளைந்த பிடி அடுத்த கட்டையைக் கட்டிக்கொண்டது. என் சடை ரிப்பனால் இறுக்கினோம். அகப்பையை முறுக்க முறுக்கக் குடையின் காம்பு முனகியது, என் நெஞ்சும்தான். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். கறுப்புக் குடை மரத்துக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து, மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனது.

கிளை விழுந்தது. வெளியே பாசியும் ஈரமும். அறுத்த வாய் மட்டும் தேங்காய் ஓடு போலக் காய்ந்து கிடந்தது. பட்டையை உரித்துத் துண்டு துண்டாக அடுக்கினோம். தீ புகையாமல் எரிந்தது. அத்தை கையை நீட்டிக் காய்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் தணிந்தது. மாமா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது, அது நின்ற பிறகு அவர் விட்ட பெருமூச்சில் தெரிந்தது.

"நல்லாத்தான் தேய்க்குதுங்க" என்றார் அத்தை.

மறுநாள் நாங்கள் உச்சிக்குப் போனபோது உச்சிப்பொழுது. சூரியோதயம் பார்த்தவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மேகம் மூடி, எதுவும் தெரியவில்லை. அத்தைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பாறையில் பதிந்த சாமி பாதத்தைக் கும்பிட்டுவிட்டு மணியிடம் போனார். ஒரு தடவை அடித்தார். நானும் ஒரு தடவை அடித்தேன்.

பிறகு மாமா கயிற்றைப் பிடித்தார். எத்தனை அடிப்பார் என்று நான் எண்ணத் தயாராக நின்றேன். அவர் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டுக் கயிற்றை விட்டார். அடிவாரம்வரை வந்து, கதைகளைச் சேர்த்துக்கொண்டு திரும்பிய வருஷங்களெல்லாம் அந்த ஒரு சத்தத்தில் அடங்கிப் போயின.

அத்தை அவரைப் பார்த்தார்.

"கை வலிக்குதுங்களா?"

"இல்ல" என்றார் மாமா.

அத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இறங்கும் வழியில் மழை. குடையை விரித்தேன். வளைந்துபோன காம்பில் அது சிக்கிக்கொண்டு, பிறகு மூடவே இல்லை. இன்றுவரை மூடவில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்துப் பாதையில் துரையின் கார் எதிரே வந்து நின்றபோதுகூட, அது விரிந்தபடியேதான் இருந்தது. வாசலுக்குள் நுழையாததால் அதை இஸ்தோப்பில்தான் வைத்திருக்கிறேன். சாரல் படாமல் அதன் கீழே அம்மா மிளகாய் காயவைக்கிறார்.

மடக்கு மாமா இரண்டு தரம் வந்து, திருத்தித் தருகிறேன் என்று கேட்டுவிட்டார். நான் இன்னும் கொடுக்கவில்லை.