வடமேற்குக் காற்றை நம்பிய கூறை

எனக்குத் தெரிந்த விஷயங்கள் மிகவும் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இங்கிலீஷ் பஸ்ஸில் ஏறி இறங்கும் அளவுக்குத்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்க மாட்டேன். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உள்ளுக்குள் பெருமை வைத்திருந்தேன். காற்றைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அது. அந்தப் பெருமை, மகனின் கல்யாணத்துக்கு முதல் நாள், ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடிப் பல்கனியிலிருந்து பறந்து போய்விட்டது.

காற்றை நான் படித்தது ஜித்தாவில். மட்டக்களப்பிலிருந்து வீட்டு வேலைக்குப் போனவள் நான். செங்கடல் ஓரத்து அந்த ஊரில், மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டே என் நல்ல வயது கழிந்தது. (வேறு வேலையும் செய்தேன். ஆனால் அந்த வீட்டில் சாப்பிட்ட நேரத்தைவிட உடுப்பு மாற்றிய நேரம் அதிகம்.) அங்கே மழை வருவது அபூர்வம். வெயில் கடலையே குடித்துக்கொண்டிருக்கும். அதில் போய் விழ ஒரு ஆறுகூட இல்லை என்று முதலாளி சொல்வார். காற்று மட்டும் ஒழுங்கான ஆள். இரண்டு கரையிலும் மலை, நடுவில் நீளமாகக் கடல். அந்தக் குழாய்க்குள்ளால் வடமேற்கிலிருந்து வரும். அநேகமாக வருடம் முழுக்க அதே பக்கம்தான். கொடியில் போட்டதெல்லாம் ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். பெரிய போர்வைக்கும் ஒரு முனையில் கிளிப் போட்டால் போதும். குளிர்காலத்தில் எப்போதாவது தெற்குப் பக்கம் திரும்பினால் வானம் மஞ்சளாகிப் புழுதி வரும். அப்போது அள்ளிக்கொண்டு கீழே ஓட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

எங்கள் ஊர்க்காரி யோகம் அதே கடலின் தெற்குக் கோடியில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவளுடைய காற்று வேறு. கோடையில் வடக்கிலிருந்து, குளிர்காலத்தில் தெற்கிலிருந்து. கொடியை மாற்றி மாற்றிக் கட்டிக் கை ஓய்ந்துவிட்டது என்று போனில் அழுவாள். ஒரே கடலில் எனக்குத்தான் நல்ல காற்று வாய்த்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். கர்வம் அப்படித்தான் ஆரம்பமானது.

பிறகு மகனோடு இந்தக் குளிர்நாட்டுக்கு, ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்தேன். இனிக் கல்யாணம். மகன் கஜன் பார்த்த பெண் துளசி, பக்கத்து ஊர் பிக்கரிங்கில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்தது பெரியம்மா தவமணி. மட்டக்களப்புச் சம்பந்தத்தில் தவமணிக்கு அவ்வளவு விருப்பம் இல்லை, பெண்ணின் பிடிவாதத்துக்காகத்தான் சம்மதித்தார் என்று கஜன் சொல்லியிருந்தான். அதனால் எந்தக் குற்றமும் வரக்கூடாது என்று, போன இடமெல்லாம் நான் எதற்கும் தலையாட்டி "ஓம்" என்ற ஒரு சொல்லோடு இருந்துவிட்டு வந்தேன்.

மணப்பெண் உடுத்தும் கூறைச்சேலையை எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீட்டு முறை. காசு எங்களுடையது, தேர்வு தவமணியுடையது. கடை முழுவதையும் விரித்துப் பார்த்து, அரக்குச் சிவப்பில் ஒன்றைப் பிடித்து, என் மடியில் வைத்தார்.

"பத்திரம், சம்பந்தி. கூறைக்கு ஒண்டு நடந்தா நல்ல சகுனம் இல்லை."

"ஓம்," என்றேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே கஜன் மண்டபச் சோடனைக்குப் போய்விட்டான். நான் கூறையை எடுத்து முந்தானை மூலையில் மஞ்சள் வைத்தேன். மஞ்சளைத் தண்ணீர் பதமாகக் குழைத்துவிட்டேன் போல. அது மூலையில் நிற்காமல் கரை வழியே நடக்கத் தொடங்கியது. ஈரத்துணியால் ஒற்றினேன். இன்னும் பரவியது. (அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.) கடைசியில் மஞ்சள் போய்விட்டது, ஆனால் முந்தானை முழுக்கச் சொட்டச் சொட்ட ஈரம். பின்னேரம் தவமணி பலகாரம் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். இஸ்திரிப் பெட்டியைப் பட்டில் வைக்கப் பயம். பல்கனிக்குப் போய் விரலை நனைத்து நீட்டினேன்.

வடமேற்குக் காற்று. காய்ந்த, நேரான, மரியாதையான காற்று. ஜித்தாவிலிருந்து என்னைத் தேடி வந்தது போல இருந்தது. பட்டில் கிளிப் தடம் விழக்கூடாது என்று, ஒரு முனையில் மட்டும் இரண்டு கிளிப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

இந்த ஊரில் கோடைக் காலையில் ஒரு காற்று, மத்தியானம் பக்கத்துப் பெரிய ஏரி மூச்சு விட்டால் எதிர்ப்பக்கம் இன்னொரு காற்று என்று பிறகுதான் கஜன் சொன்னான். தேத்தண்ணிக் கோப்பையோடு திரும்பி வந்தபோது கொடியில் இரண்டு கிளிப் மட்டும் இருந்தன. எட்டிப் பார்த்தேன். மூன்று மாடி கீழே, யாரோ ஒருவரின் பல்கனிக் கம்பியில், கூறை கோயில் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

லிஃப்ட் வரவில்லை. படியால் இறங்கினேன். முழங்கால் அன்று என்னைத் திட்டியதை எழுத முடியாது. முதலில் தட்டியது பிழையான கதவு. இரண்டாவது கதவைத் தட்டிவிட்டு நிற்கும்போது போன் அடித்தது. தவமணி. பின்னேரம் என்றவர் மத்தியானமே வந்திருந்தார்.

"சம்பந்தி, நாங்கள் கார்ப் பார்க்கில நிக்கிறம். ஆறாம் மாடியில எங்கட கூறை மாதிரி ஒண்டு தொங்குது. எங்கட இல்லைத்தானே?"

"ஓம்," என்றேன்.

கதவு திறந்தது. என் வயதுப் பெண், உயரமாக, தலையில் முக்காடு. அவளுக்கும் இங்கிலீஷ் என் அளவுதான். நான் சொரி என்றேன், அவளும் சொரி என்றாள். பிறகு அவள் தனக்குள் அரபியில் ஏதோ முணுமுணுத்தாள். எனக்குள் எங்கோ ஒரு கதவு படாரென்று திறந்தது. ஜித்தா வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டே பழகிய அரபி, எத்தனையோ வருடம் பாவிக்காதது, வரிசையாக வந்து விழுந்தது. என் சேலை, என் மகனின் கல்யாணம், இந்தக் கேடுகெட்ட காற்று.

பெயர் பாத்திமா. சூடான்காரி. ஜித்தாவுக்கு நேர் எதிரே, செங்கடலின் மற்றக் கரையில் பிறந்தவள். நான் ஜித்தாவில் இருந்தவள் என்றதும், அங்கே வடக்குக் காற்று எப்படி என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். குளிர்காலத்தில் அதே காற்று கடலைக் கடந்து தங்கள் மலையில் மோதி மழை கொட்டுமாம், ஜித்தாவில் இருந்த எங்களுக்குத்தான் ஒரு சொட்டும் தராதாம். நான் கையை ஆட்டி ஆட்டி என் மொட்டைமாடியை விளக்கினேன். அவள் சிரித்துக்கொண்டு, இந்த ஊர்க் காற்றுக்குப் பைத்தியம் என்றாள். கூறை வெளியே தொங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கிழவிகளும் அதை மறந்துபோனோம்.

பின்னால் யாரோ செருமினார்கள். கூறை தொங்கிய மாடியையே தேடி ஏறி வந்திருந்த தவமணி, கையில் பலகாரப் பெட்டியோடு.

பாத்திமா ஓடிப்போய்ச் சேலையை உள்ளே இழுத்தாள். கம்பியின் ஆணியில் மாட்டி, கரையோரம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தவமணி கிழிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கல்யாணம் இதோடு நின்றது என்றே நினைத்தேன். அரபியில் திறந்த வாய் மூடவில்லையோ என்னவோ, மஞ்சளிலிருந்து ஏரிக்காற்று வரை முழுவதையும் தமிழில் சொல்லி முடித்தேன். அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். நீளமான பேச்சு.

அவர் பலகாரப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"உவ்வளவு கதைப்பீங்களே? எங்களோட மட்டும் ஏன் வாய் திறக்கேல்லை?"

"பயம், அக்கா."

"நான் எல்லோ பயந்தனான். கதைக்காத மாமியிட்டப் பிள்ளையைக் குடுக்கிறமே எண்டு நித்திரை இல்லை எனக்கு."

பிறகு சேலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சகுனம் எப்படி என்று மெல்லக் கேட்டேன். அவர் கிழிந்த இடத்தை மடிப்புக்குள் மறைத்துக் காட்டினார்.

"அந்தரத்தில நிண்டும் நிலத்தில விழேல்லை. நல்ல சகுனம்தான். கிழிசல் கொய்யகத்துக்குள்ள போயிடும். ஆருக்கும் சொல்லாதேங்கோ."

நான் யாருக்கும் சொல்லவில்லை. மறுநாள் பந்தி முடிவதற்குள் மண்டபம் முழுக்கச் சொல்லி முடித்தவர் அவரேதான். கூறை போன உயரம் மேசைக்கு மேசை கூடிக்கொண்டே போனது. கடைசி மேசையில் அது விமான நிலையம் வரை போய்த் திரும்பியிருந்தது. அந்த மேசையில் பாத்திமாவும் இருந்தாள். ஒன்றும் விளங்காமல் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

சில வருடங்களுக்கு முன் தவமணியின் சொந்த மகனுக்குக் கல்யாணம். வீடு நிறையச் சனம், பிள்ளைகள் எல்லாவற்றையும் கிளறுகிறார்கள் என்று, வரப்போகும் மருமகளுக்கு எடுத்த புதுக் கூறையை என் வீட்டில் வைக்கக் கொண்டு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கைப்பையைத் திறந்து, அகலமான ஒட்டு ரேப் சுருள் ஒன்றை எடுத்து, பல்கனிக் கதவை நாலு பக்கமும் ஒட்டி, நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கூறையை என் கையில் தந்தார்.

ரேப் இன்னும் அப்படியே இருக்கிறது. கழற்றட்டா என்று கஜன் ஒவ்வொரு கோடையும் கேட்கிறான். வேண்டாம் மனே, இருக்கட்டும் என்கிறேன். வீட்டுக்குள் புழுக்கம்தான். பரவாயில்லை. இந்த வயதில் மின்விசிறியே போதும். அது ஒரு பக்கம்தான் வீசும்.