பதிலாள் போட்டது குற்றமா, மச்சான்?

தேவாலா,
சனிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் ஆறுமுகசாமி அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தங்கை வேலாயியின் வீட்டுக்காரன் அழகையா எழுதுவது. இங்கே மழையும் அட்டையும் பரம சௌக்கியம்; நாங்கள் சுமார். அங்கே திருப்பூரில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருப்பீர்கள். நிற்க.

தங்கள் கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தாரிடம் மன்னிப்பு எழுதிக் கொடு, படிப்பை ஏறக்கட்டு, திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார் என்று மூன்று உத்தரவு போட்டிருக்கிறீர்கள். மூன்றில் ஒன்றும் நடக்காது. பெண் கொடுத்தவர் என்ற மரியாதை மனசு நிறைய இருக்கிறது. ஆனால் மரியாதை வேறு, முதுகு வேறு.

நடந்ததை யாரோ உங்களுக்குக் கை கால் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் தேயிலை விலை குப்புற விழுந்ததிலிருந்து எங்கள் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கிறது. கொழுந்து பறிக்க ஆள் இருக்கிறது, வாங்க நாதியில்லை. இந்த நேரம் பார்த்து மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, சான்றிதழ் இல்லாத சூப்பர்வைசர் எல்லாம் வருடக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம் என்றார். சிலோனில் ஒரு துரை, இங்கே நாலு மேனேஜர் என்று பார்த்தவன் நான், என்னைப் பார்த்துச் சான்றிதழ் எங்கே என்கிறார். சரி, கேட்டாயல்லவா, கொண்டுவந்து காட்டுகிறேன் என்றுதான் கூடலூரில் பல்கலைக்கழகம் நடத்துகிற தொடர் கல்வியில் சேர்ந்தேன். அலுவலக நிர்வாகமும் கம்ப்யூட்டரும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வேலையில் இருப்பவர்கள், வயதானவர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம், அனுபவமே தகுதி என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருந்தார்கள். அதை நம்பியது என் முதல் தப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். நான் சொல்ல மாட்டேன்.

முதல் நாளே ஒரு சின்னச் சங்கடம். வகுப்பில் பாதிப் பேர் எஸ்டேட்காரர்கள். நம் பெரட்டு உங்களுக்கு மறந்திருக்காது. விடியக்காலையில் வரிசையில் நின்று பேர் கொடுத்தால் மறு நிமிஷம் மலைக்கு நடையைக் கட்ட வேண்டும், பேர் கொடுத்த பிறகும் அங்கேயே நிற்பவன் சோம்பேறி. பாடம் எடுக்க வந்த ஷிஜோ சார் சின்ன வயசு, பந்தலூர் பக்கத்து மலையாளி. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு முடித்தார். முடித்ததும் பழக்கதோஷம், "வாங்க போவோம்" என்று நான் எழுந்தேன், என் பின்னால் பாதி வகுப்பும் எழுந்து குடையோடு மழையில் இறங்கிவிட்டது. அந்த மனுஷன் நனைந்துகொண்டே கேட் வரைக்கும் ஓடிவந்தார்.

"எவிடெ போறீங்க எல்லாரும்? கிளாஸ் இவிடெயல்லே?"

"பேரு போட்டீங்க, எந்த மலைக்குன்னு சொல்லலியே சார்" என்றேன். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்புறம் நாடுகாணியில் மண் சரிந்து பஸ் நின்ற அன்றைக்கு நான் பாதி வகுப்புக்குத்தான் போய்ச்சேர்ந்தேன். பாதி வேலைக்கு அரைப்பேர் போட்டு அரைச் சம்பளம் தருவதுதானே உலக நியாயம்? மைய ஒருங்கிணைப்பாளர் பங்கஜம் மேடம் கோயம்புத்தூர்க்காரம்மா, பேச்செல்லாம் வெல்லம்தான், கணக்கு மட்டும் கல்லு. "ஏனுங்க அழகையா, இங்க முழுசா வந்தாத்தானுங்க வருகை. அரை, முக்கால் எல்லாம் கெடையாதுங்க" என்றது. சிலோனில் வெள்ளைக்காரத் துரையே அரைப்பேர் போட்டான், அவனைவிடப் பெரிய ஆளா நீங்கள் என்று கேட்டேன். அதற்கும் வெல்லமாய்ச் சிரித்துவிட்டு ஆப்சென்ட் போட்டது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சைக்கு முதல் நாள் எனக்குக் குளிர்காய்ச்சல். தலையைத் தூக்க முடியவில்லை. எஸ்டேட்டில் ஒருத்தனுக்கு முடியவில்லை என்றால் வீட்டில் இன்னொரு ஆள் போய் அவன் பேருக்கு வேலை செய்துவிட்டு வருவது பாட்டன் காலத்து வழக்கம். பதிலாள் போடாத குடும்பம் ஏதாவது நம் லயத்து வீடுகளில் உண்டா? நீங்களே உங்கள் அப்பாவுக்குப் பதிலாளாய்த் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனவர்தானே? ஆகவே வேலாயியைப் போகச் சொன்னேன். என் பாடப் புத்தகங்களைத் தினமும் எனக்கு வாசித்துக் காட்டியது அவள்தான். நான் கண்ணை மூடிக் கேட்டுப் படிப்பவன். அதை அவள் தூக்கம் என்பாள், அது கிடக்கட்டும். நான் சொல்லி முடிப்பதற்குள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அங்கே என் பேரைக் கூப்பிட்டதும் "வந்திருக்கேன் சார்" என்றிருக்கிறாள். ஷிஜோ சார் நிமிர்ந்து பார்த்து, "சேச்சியா அழகையா?" என்றாராம். "பேரு அவரோடது சார், ஆளு நான்" என்றாளாம். என் இடத்துக்கு வந்த புது அட்மிஷன் போலிருக்கிறது என்று நினைத்து அவரும் வினாத்தாளைக் கொடுத்துவிட்டார். இவள் எழுதி முடித்து, கடைசியில் யோக்கியமாக, "அழகையாவுக்குப் பதிலாள், வேலாயி" என்று கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள். என் பேருக்கு எழுபத்தொரு மார்க். முந்தைய பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கை இங்கே எழுத அவசியமில்லை.

அதற்குத்தான் இப்போது ஆள்மாறாட்டம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. நாளைக்கு வகுப்பு முடிந்ததும் விசாரணை. மச்சான், ஆள்மாறாட்டம் என்றால் ஒளித்துச் செய்வது. இவள் எதை ஒளித்தாள்? வாயாலும் சொன்னாள், எழுத்தாலும் சொன்னாள். அவள் கொழுந்து பறிக்கிற சம்பளத்துக்கு முப்பது வருஷமாக நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வருகிறேன், இதுவரை எந்தக் கிளார்க்காவது ஆள்மாறாட்டம் என்றானா? அனுபவமே தகுதி என்று அச்சடித்தவர்கள் எங்கள் அனுபவத்தில் உள்ள வழக்கத்தையும் சேர்த்துத்தானே ஏற்றுக்கொள்ள வேண்டும்? நாளைக்கு இதை அவர்கள் முகத்துக்கு நேரே கேட்பேன். மன்னிப்பு என்ற வார்த்தையை என் பேனா எழுதாது. என் இடத்தை விட்டு எழுந்திருக்கவும் மாட்டேன். வேண்டுமானால் பெஞ்சோடு தூக்கிப் போகட்டும்.

வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும், அத்தனை வருஷமும் ஏதாவது படித்துக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் வளையாத,
அழகையா.

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. தபாலில் சேர்ப்பதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். விசாரிக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்ததில் பாதியைப் பேசிவிட்டேன், மேஜையையும் ஒரு தட்டு தட்டினேன். அப்போது பங்கஜம் மேடம் என்னோடு வந்திருந்த வேலாயியைப் பார்த்து, "ஏனுங்க, வீட்டுக்காரரு சொல்லித்தானுங்களே வந்தீங்க?" என்று கேட்டது. இவள் தலை நிமிர்ந்து, "அவரு சொன்னது ஒரு நாளைக்குங்க. எனக்கு வாராவாரம் வரணும்" என்றாள். நான் மீதிப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் அவள் தனக்கு வேண்டும் என்று ஒன்றைக் கேட்டு நான் கேட்டதில்லை, மச்சான்.

அதிகாரி யோசித்துவிட்டு, அழகையாவை நீக்குவோம், காலியாகிற இடத்தில் இந்தம்மா சொந்தப் பேரில் சேரலாம், ஆனால் அனுப்பியது தன் தப்பு என்று புருஷன் எழுதித் தர வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் பேனாவைப் பிடுங்கி எழுதினேன். மன்னிப்பு என்று ஒரு இடத்தில் போதும் என்றார், நான் மூன்று இடத்தில் போட்டேன்.

ஆகையால் வருடக் கடைசியில் சூப்பர்வைசர் வேலை எனக்கு இல்லை. அதுவரை காத்திருப்பானேன், வருகிற வியாழக்கிழமையே பஸ் ஏறுகிறேன், அந்த வாட்ச்மேன் நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாமல் பிடித்து வையுங்கள். பனியன் கம்பெனியில் பதிலாள் போடலாமா என்று மட்டும் இப்போதே கேட்டு வைத்தால் உபகாரமாக இருக்கும். வேலாயிக்குப் பரீட்சை வரும்போது சோறு பொங்கிப் போட நான் இங்கே வந்தாக வேண்டும். அந்த நாட்களுக்குக் கேட்டில் என் பேருக்கு நீங்கள் உட்காருங்கள்.