கருவாட்டு பாய் வைத்த பேர்

பேராக் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு பெண்ணைக்கூடப் பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடாத மனிதர் கருவாட்டு பாய் ஒருவர்தான் கிடைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ஈப்போவிலிருந்து சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு ஞாயிறு தவறாமல் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வருவார். அவருக்கும் ஒரு பேர் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

பெண்களைப் பார்த்தால் அவருக்குக் கருவாடுதான் ஞாபகம் வரும். நெட்டையாக இருந்த பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா, வாளை. மேலுதட்டில் பூனைமுடி இருந்த கங்காணி வீட்டம்மா, கெளுத்தி. கங்காணியைக் கண்டால் தோட்டமே நடுங்கும். பாய் மட்டும் அவர் வாசலிலேயே நின்று, "கெளுத்திம்மா, சட்டிய எடுத்துக்கிட்டு வாங்க" என்பார். காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி இருந்த நான், நெத்திலி.

அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அஞ்சலை என்று லட்சணமாக ஒரு பேர் இருக்கும்போது, லயத்து வீட்டு வரிசையின் கோடிவரை கேட்கிற மாதிரி நெத்திலி என்று கத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்? கங்காணி வீட்டம்மா முகம் கொடுத்தே பேச மாட்டார். கருவாட்டை மட்டும் வாங்கிக்கொள்வார். முனியம்மா அக்காவின் கட்சி வேறு.

"எம் புருசன் என்னய 'ஏய்'னுதான் கூப்புடுறான். இந்த மனுசனாச்சும் ஒரு பேரு வச்சிருக்காரேன்னு இருக்கு எனக்கு" என்பார்.

அப்போதுதான், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே வந்து பார்த்தவர்கள், ரப்பர் பால் வாளி தூக்க இந்த உடம்பில் தெம்பு ஏது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அவரு வந்து நெத்திலின்னு கத்துனா ஒடம்பும் தெரிஞ்சு போவும். வேத்து ஆம்பள பட்டப்பேரு வச்சுக் கூப்புடுறாரு, இது என்னா வளப்புன்னும் கேப்பாங்க. இந்த எடமும் போச்சுன்னா ஒன்ன நான் எங்கடி கொண்டு போய்க் குடுப்பேன்?" என்று கண் கலங்கினாள்.

முந்தின ஞாயிறே பாயிடம் கெஞ்சினாள். "அடுத்த வாரம் இந்தப் பக்கம் வராதீங்க பாய். பொண்ணு பாக்க வாராங்க."

"பொண்ணு பாக்கவா? அப்ப கட்டாயம் வரணுமே. ஒசத்திக் கருவாடா கொண்டு வாரேன்" என்று மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க ரப்பர் மரம் சீவும்போதும் என் காதில் சைக்கிள் மணிதான் கேட்டது. ஞாயிறும் வந்தது. என் ஒல்லி தெரியக்கூடாதென்று அம்மா சேலைக்குள் பாவாடைக்கு மேல் பாவாடையாகக் கட்டிவிட்டாள். வேர்த்து ஊற்றியது, குனிந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று பயம் வேறு. மாப்பிள்ளையின் அம்மா வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தார், பின்னால் அவர் வீட்டுக்காரரும். நல்ல வாட்டசாட்டம்; முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "இங்கிட்டுக் கருவாடு விக்க யாரும் வருவாங்களா?"

அம்மா அவசரமாக, "வர மாட்டாங்க" என்றாள். அந்த அம்மாள் ஏனோ நிம்மதியாக வெற்றிலையை எடுத்தார்.

நான் காப்பியை நீட்டும்போது தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது.   அந்த அம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"நெத்திலி! எங்க புள்ள இருக்க, நெத்திலி!"

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அம்மா அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாய் வாசலில் தலையை நீட்டினார்.

"செவுத்தப் பாத்து ஒக்காந்திருக்கது யாரு, சுறா அக்காவா? ஒங்க வூட்டுல காணோமேன்னு பாத்தா இங்கயா இருக்கீங்க?"

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காப்பி புரையேறியது. தன் மனைவிக்கு இப்படி ஒரு பேர் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாதாம்.

 அந்த அம்மாள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒன்னயும் விட்டு வைக்கலயா இந்த மனுசன்?"

இல்லை என்று தலையாட்டினேன். 

"எத்தன பாவாடடி கட்டியிருக்க? மயக்கம் போட்டு விழுந்துறப் போற. போயி அவுத்துப் போட்டுட்டு வா" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "தட்ட மாத்திக்கலாம்" என்றார்.

கல்யாணமாகிப் போன தோட்டத்தில் எல்லோருக்கும் நான் புதுப்பொண்ணு, இல்லாவிட்டால் இன்னார் பொண்டாட்டி. அஞ்சலை என்று கூப்பிட ஆளில்லை. புது இடம், புது முகங்கள். எதைத் தொட்டாலும் தப்பாகிவிடுமோ என்றே இருந்தது. ஞாயிறு வந்தது. சைக்கிள் மணி கேட்டது.

"நெத்திலி!"

கொதிக்கிற உலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"என்னா புள்ள வேணும்?" என்று கூடையைத் திறந்தார் பாய்.

"ஒண்ணும் வேணாம் பாய். இன்னொரு தடவ கூப்புடுங்க."