ஜூன் ஐந்தை விழுங்கியவள்

வருஷத்தில் ஒரு நாளைக்கூடச் சும்மா விடுவதில்லை என்று என் வீட்டுக்காரர் தீர்மானம் செய்தார். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பயம்.

அவர் காலண்டர் அச்சடிக்கிற அச்சகத்தில் பிழை பார்க்கிறவர். தினமும் ஒரு தாள் கிழிப்போமே, அந்தக் காலண்டர். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ‘இதே நாளில்’ என்று ஒரு வரி வரும். சந்திரனில் மனிதன் இறங்கியது, ஊசி மருந்து கண்டுபிடித்தது, கப்பல் முழுகியது, ராஜா செத்தது. அதை எழுதிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும், முதலாளி இவரைக் கூப்பிட்டு, “இந்தத் தடவை நீ எழுதிப் பாரு. சரியா வந்தா இனிமே அது உன் வேலை” என்று சொல்லிவிட்டார். ‘தப்பா வந்தா?’ என்று இவர் கேட்கவில்லை. நான்தான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நூலகத்திலிருந்து ஐந்து தடிப் புத்தகங்கள் வந்து இறங்கின. ஒரு நாளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. முன்னறைத் தரை முழுக்க வருஷத்தைப் பரப்பிவிட்டார். மின்விசிறி கூடாது. ஜன்னல் கூடாது.

“தும்மல் வந்தா என்னங்க பண்றது?”

“வெளியே போய்த் தும்மு.”

“அதுக்குள்ள வந்துட்டா?”

“சரித்திரம் பறந்துடும். உன் மூக்கு பதில் சொல்லுமா?”

என் மூக்கு அன்றிலிருந்து மூச்சு விடவே யோசித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். நான் அஞ்சாம் கிளாஸ்தான். ஆனால் எழுத்து குண்டு குண்டாக வரும். அதனால் அவர் கிறுக்கித் தருவதை நான்தான் சீட்டில் எழுதுவேன். எழுதி முடித்ததும் கிறுக்கலைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிடுவார். முதலாளி கண்ணில் பட்டால் மானம் போய்விடுமாம்.

முதலாளி நேரிலேயே வந்து பார்ப்பதாகச் சொன்ன நாளும் வந்தது. மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தேன். என் மகள் ஜூன் மாசத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நடக்கப் பழகிச் சில வாரம்தான் ஆகிறது. கதவைத் தாண்டி எப்படி வந்தாளோ! வாய் அசைந்துகொண்டிருந்தது.

விரலை விட்டுத் தோண்டினேன். ஒரு மூலைதான் வந்தது. அதில் ‘து’ என்று ஒரே எழுத்து. மீதி உள்ளே போய்விட்டது.

சீட்டுகளை அடுக்கிப் பார்த்தேன். நாலு இருந்தது. ஆறு இருந்தது. ஐந்தைக் காணோம்.

குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று ஒரு பயம். அவருக்கு என்ன சொல்வது என்று இன்னொரு பயம். முதல் பயத்துக்கு அவளே சிரித்துப் பதில் சொல்லிவிட்டாள். இரண்டாவது பயம் அப்படியே நின்றது.

ஜூன் ஐந்தில் என்ன எழுதினேன்? ஏதோ ஒன்று முதல் தடவையாகப் பறந்தது. இல்லை, முழுகியது. அந்த ‘து’ இரண்டுக்கும் பொருந்தித் தொலைத்தது. பறந்ததை முழுகினதாக எழுதினால் அவர் வேலையே முழுகிவிடும். புத்தகங்களைப் புரட்டினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஒன்றும் விளங்கவில்லை.

ஜூன் மாசத்தைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். புதுச் சீட்டு எடுத்தேன். ‘இதே நாளில் ஒரு பெண் குழந்தை முதன்முதலாக ஏழு அடி நடந்தது’ என்று எழுதி வைத்தேன். உண்மையில் அவள் நடந்தது மூன்றாம் தேதி. இரண்டு நாள் பிசகு. அதற்கு வேறு தனியாகப் பயந்தேன்.

ஐந்து மணிக்கு அவரும் முதலாளியும் வந்தார்கள். நான் குழந்தையோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

“எழுத்து முத்து முத்தா இருக்கேய்யா!”

“நானே உட்கார்ந்து எழுதினதுங்க. ஒவ்வொண்ணும் அஞ்சு புத்தகத்துல சரிபார்த்தது.”

முதலாளி ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே போனார். பாவி மனுஷர் ஒன்றையும் விடவில்லை. ஏப்ரல் போனது. மே வந்தது. அவருக்கு ஒரு தும்மலாவது வரக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

“ஜூன் அஞ்சு. ஒரு பெண் குழந்தை... ஏழு அடி நடந்தது.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “என்னய்யா இது?”

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. சீட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ‘நான் எழுதலைங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் எழுத்தும் தன்னுடையது என்று இப்போதுதானே சொன்னார்!

“அது... ரொம்ப முக்கியமான குழந்தைங்க.”

“எந்த நாடு?”

“நாடெல்லாம் பிரிக்கிறதுக்கு முன்னாடிங்க.”

“அப்ப தேதி மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“அவங்க அம்மா குறிச்சு வெச்சிருக்காங்க.”

“அந்தக் காலத்துல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களா?”

“பெரிய படிப்புங்க. ஏழெட்டுப் பாஷை.”

கதவுக்குப் பின்னால் அஞ்சாம் கிளாஸுக்கு வேர்த்துக் கொட்டியது.

“தேதி சரிதானே?”

“ஒரு நாள் முன்னே பின்னே இருக்காதுங்க!”

‘இரண்டு நாள்’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டேன். பிடி தளர்ந்ததும் மகள் நழுவினாள். தத்தித் தத்திப் போய் முதலாளியின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“அட, நடக்கிறாளே! இவ என்னிக்கு நடந்தா?”

“கவனிக்கலைங்க. வேலை...”

“நாடு பிரிக்கிறதுக்கு முன்னாடி நடந்த குழந்தையைத் தெரியுது. வீட்டுக் குழந்தையைத் தெரியலையா?”

“சரித்திரத்துலேயே இருந்துட்டேங்க.”

முதலாளி சிரித்தார். அவர் சிரித்து ஓய்ந்ததும் சொன்னார்: “பாதி வரி எவனோ செத்தது, எங்கேயோ குண்டு போட்டது. காலையில எழுந்ததும் அதையாய்யா படிக்கிறது? இது இதமா இருக்கு. மாசத்துக்கு ஒண்ணு இப்படிப் போடு. இன்னும் பதினொண்ணு. திங்கக்கிழமை கொண்டு வா. அந்தம்மா வேற என்னென்ன குறிச்சு வெச்சிருக்காங்கன்னு பாரு. வந்துட்டா வேலை உனக்குத்தான்.”

அவர் போனதும் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். என் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“என்னங்க, அந்த ஜூன் அஞ்சு...”

“எனக்குத் தெரியும்!” என்றார் அவசரமாக. “மூணாவது புத்தகத்துல இருக்கு. தெரியாமலா எழுதுவேன்?”

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐந்து புத்தகங்களையும் தலைகீழாகப் புரட்டினார். ராஜாக்கள் கிடைத்தார்கள். குழந்தை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, சும்மா ஒரு பொது அறிவுக்குக் கேட்கிறேன். குழந்தைங்களுக்கு முதல் பல்லு எப்ப முளைக்கும்?”

“ஆறாம் மாசம், ஏழாம் மாசம் முளைக்குங்க.”

பேனா மூடியைக் கழற்றினார்.

“மாசமெல்லாம் வேண்டாம். தேதி சொல்லு.”