அயர்லாந்துக் கடற்கரைக்கு நான் போட்ட திட்டம்

சுகந்தி, மணி, இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது. நான் எதையாவது பெரிதாகச் செய்யப்போகிறேன் என்று வாயைத் திறந்தாலே உங்கள் அம்மா, "கண்ணை மூடிக்கட்டுங்களா?" என்று கேட்பாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டதில்லை. நானாகச் சொல்லத் தைரியம் வந்ததில்லை. எட்டாவதோடு நின்றவன், எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததில் இருக்கும் பிழை அதைவிடப் பெரிது.

சேலத்துக் கண் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அம்மாவின் பார்வை நரம்பு காய்ந்து வருகிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார். "காட்ட வேண்டியதைச் சீக்கிரம் காட்டிருங்க."

வரும் வழியில் பஸ்ஸில், "என்ன பாக்கணும் பொன்னி?" என்றேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "கடலுங்க. டிவில பாத்ததோட சரி."

புத்தியுள்ளவன் மறுநாளே நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறியிருப்பான். நான் அயர்லாந்துக்குத் திட்டம் போட்டேன்.

காரணம் உங்கள் சித்தி செல்வி. அங்கே நர்ஸாக இருந்துகொண்டு போனில் படமாக அனுப்புவாள். நம் மலையை யாரோ அரிவாளால் பாதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் கடலை ஊற்றியது போல இருக்கும். மேலே பச்சைப் புல், கீழே நுரை. "மாமா, அக்காவக் கூட்டிக்கிட்டு ஒருக்கா வாங்க" என்றாள். (மரியாதைக்குச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆள் நான்.) அந்த வருடம்தான் சில்வர் ஓக் மரங்களை விற்றிருந்தேன். அந்தப் பணம் தலைக்கு ஏறிவிட்டது.

செம்மேட்டில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த பெண் அந்தக் கடலோர ஓட்டல்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"அண்ணா, இது பழைய கோட்டைங்க. உள்ள ரூம் வாடகைக்கு உடறாங்களாம்."

"கோட்டையிலயே போடு சாமி. சன்னலத் தொறந்தா கடல் தெரியோணும்."

அந்தக் கடலோர ரோட்டில் நம் மலை ரோட்டைப் போலக் கொண்டை ஊசி வளைவு எழுபதுக்கு மேல் உண்டா, என் மனைவிக்கு வாந்தி வந்தால் வண்டியை நிறுத்துவீர்களா என்றும் ஓட்டலுக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். எங்கள் ஓட்டுநர் மிகவும் பொறுமையானவர் என்று பதில் வந்தது. அதை ஊரில் பத்துப் பேருக்காவது படித்துக் காட்டியிருப்பேன்.

உங்கள் அம்மா ஒன்றுதான் கேட்டாள். "ஏனுங்க, பக்கத்துல இருக்கற கடலெல்லாம் வத்திப் போச்சுங்களா?"

அதற்கு நான் சொன்ன பதிலை இன்று நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது. புதுக் கேழ்வரகைச் சாமிக்குப் படைக்கும்வரை நாம் ஒரு மணி வாயில் வைப்பதில்லை அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டேன். "மொதல்ல பாக்கற கடலும் அப்படித்தான் பொன்னி. கண்ட எடத்துல பாத்து எச்சில் பண்ணிறக் கூடாது. அந்தக் கடலுக்குன்னு கண்ணை வச்சிரு."

அவள் சரி என்றாள். நான் சொன்னால் சரி என்பது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

விசாவுக்குக் காகிதம் கொடுக்க இருவரும் சென்னை போனோம். கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தோம். வழியில் நெரிசல் என்று டிரைவர் கடற்கரை ரோட்டில் திருப்பிவிட்டார். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. எனக்குப் பதறியது.

"பொன்னி, கண்ணை மூடிக்கோ!"

மூடிக்கொண்டாள். முந்தானையாலும் மூடிக்கொண்டாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், அம்மாவுக்கு இன்னா ஆச்சு? பீச்சாண்ட அஞ்சு நிமிசம் நிறுத்தவா?"

"வேண்டாம்ப்பா. நாங்க அயர்லாந்துல பாத்துக்கறோம்."

"பீச்சாண்ட வந்து பீச் வேணாம்னு சொல்ற ஆள இப்பத்தான் சார் பாக்குறேன்" என்று சொல்லி ஓட்டினார். அவள் முந்தானைக்குள்ளிருந்து, "சத்தம் கேக்கலாமுங்களா?" என்றாள். கேட்கலாம் என்று அனுமதி கொடுத்தேன். (ஆமாம், அனுமதி.)

விசா மறுத்துவிட்டார்கள். நாங்கள் ஊர் திரும்புவோம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். நாமக்கல்லில் ஒரு ராத்திரி தங்கினாலே மாட்டை நினைத்துத் தூங்காதவன் நான்! அப்போதாவது நாகப்பட்டினத்துக்குப் போயிருக்கலாம். ரோஷம் விடவில்லை. மறுபடி விண்ணப்பித்தேன். மறுபடி மறுத்தார்கள். ஐப்பசியில் ஒரு நாள் அவள் கேழ்வரகுக் களியை அடுப்பிலிருந்து இறக்கி, மேடைமேல் வைப்பதாக நினைத்து, மேடை இல்லாத இடத்தில் வைத்தாள். சட்டி உருண்டது. அதற்குப் பிறகு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் நாம் நான்கு பேரும் நாகப்பட்டினம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மணி, நீதான் அவள் கையைப் பிடித்திருந்தாய். அலை காலில் ஏறியதும், "என்ன நெறம் கண்ணு?" என்று கேட்டாள்.

"நீலம்... இல்லம்மா, மண்ணு கலரா இருக்குது."

அவள் என் குரல் இருந்த பக்கம் திரும்பினாள். "இப்பவும் கண்ணை மூடிக்கட்டுங்களா?"

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். நான் சுண்டல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அதற்கும் சிரித்தீர்கள்.

ஊர் வந்த மறுநாள் காலையில் தனியாகக் காட்டுக்குப் போனேன். கேழ்வரகு முற்றி நின்றது. படையலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, வாயில் போட்டு நன்றாக மென்று விழுங்கினேன். இன்னொரு கதிரை ஒடித்து அவளுக்காக மடியில் கட்டிக்கொண்டேன்.