கொய்யா மாமா வாங்கித் தந்த சாவி

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் ரயிலில் போய்வரும் அத்தனை பேரின் வயிற்று நிலவரமும் தெரிந்த ஒரே ஜீவன் கொய்யா மாமாதான். சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பை நிறையக் கொய்யாப்பழம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

காலைப் பனியில் உப்பங்கழி பாதி கரைந்து கிடக்கும். கொக்குகள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்திலா என்று தெரியாது. பெட்டியே அரைத்தூக்கத்தில் மிதக்கும்போது மாமாவின் குரல் கணீரென்று கேட்கும்:

“மச்சான், காலையில போச்சா?”

போகவில்லை என்றால் தொலைந்தோம்.

“ராத்திரி பரோட்டாவ அமுக்கிட்டுப் படுத்தா எப்படிப் போவும்? எழுந்ததும் வெந்நி குடி. தெனம் ஒரே நேரத்துக்குப் போய் குந்து. முக்காத. செல்போன வெளிய வச்சிட்டுப் போ!”

கல்யாணப் பத்திரிகை நீட்டிய மாப்பிள்ளையிடமும் இதே கேள்விதான். அவன் மறுநாள் பெட்டி மாறி ஏறினான். அங்கேயும் மாமா உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் மட்டும் அவர் வைத்தியம் தோற்றது. கொய்யா, கீரை, வாழைத்தண்டு எல்லாம் தின்றும் வயிறு கல்லாகவே இருந்தது.

“தண்ணி எவ்ளோம்மா குடிக்கிற?”

ரயில் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. அந்த இரைச்சல் தந்த தைரியத்தில் சொல்லிவிட்டேன்.

“குடிக்கிறதே இல்ல மாமா. குடிச்சா எங்க போறது? ஆபீஸ்ல லேடீஸ் பாத்ரூம் பூட்டியே கெடக்கு. சாவி மேனேஜர்கிட்ட. ஆம்பளகிட்ட போயி எப்படிக் கேக்கறது? வந்தாலும் அடக்கிக்குவேன்.”

கடித்த கொய்யாவோடு மாமாவின் வாய் அப்படியே நின்றது. கிள்ளை ஸ்டேஷன் வந்து போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் எங்கள் ஆபீசில் வந்து நின்றார். நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

“சார், காலையில போச்சா?”

மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிடப்போகிறார் என்று பயந்தேன். ஆனால் கேட்டது அவருடைய தணிந்த குரல்: “இல்லீங்க... ரொம்ப நாளாவே கஷ்டம். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

கதவு சாத்திக்கொண்டது. மாமா வெளியே வந்தபோது கையில் சாவி இருந்தது. உள்ளே மேனேஜர் கொய்யா கடித்துக்கொண்டிருந்தார்.

“நல்ல மனுசன்மா. ஒனக்கு வர்ற கஷ்டத்த அவரு கஷ்டத்த வச்சே சொன்னேன், புரிஞ்சிக்கிட்டாரு. இனிமே அது தொறந்தேதான் இருக்கும். நீ தண்ணியக் குடி.”

குடித்தேன். அடக்குவதை விட்டேன். மெல்ல மெல்ல வயிறு இளகியது. முகம்கூடத் தெளிந்துவிட்டதாக வீட்டில் சொன்னார்கள்.

அப்புறம் ஒரு சாயங்கால ரயிலில், நெடுநாளைக்குப் பிறகு, அசந்து தூங்கிப்போனேன். புதுச்சத்திரம் தாண்டும்போது லேசாக விழிப்பு வந்தது. மேற்கே வெயில் பொன்னாய்ச் சாய்ந்திருந்தது. உட்கார இடமிருந்தும் மாமா ஜன்னலை மறைத்தபடி நின்றுகொண்டிருந்தார், என் முகத்தில் வெயில் விழாமல். விழித்ததைக் காட்டிக்கொள்ளாமல் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.