மீன்கொத்திக்கு நாற்காலி போட்ட கதை

அன்று காலை பழவேற்காடு ஏரியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் அக்கா வீட்டுக்காரர் தேசப்பன் மாமா, அவருடைய வலைக் கூட்டாளி குமார், அடுத்த இடத்தில் வலை போடும் ஏழுமலை அண்ணன், ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இப்போது எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும், "நான்கூட அங்கதான் இருந்தேன்" என்கிறார்கள். அன்றைக்குப் பிறந்தே இராத பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். (பள்ளிக்கூடம்தான் உன்னை விட்டது என்பாள் அக்கா.) மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தும், தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் எனக்கு வாய் உலர்ந்துவிடும். அதனால் ஐஸ் கம்பெனியில் பெட்டிக்கு ஐஸ் நிரப்பும் வேலைக்குப் போனேன். அங்கே ஐஸ் கட்டி காலில் விழுந்துவிடுமோ என்று கவலை. இப்படிப்பட்டவன் மீஞ்சூரில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினால் என்ன ஆகும்? கவலை இரண்டு மடங்கானது. கேமராவைத் துண்டில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு எடுத்துப் போவேன். அவிழ்த்து முடிப்பதற்குள் பறவை ஆந்திராவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே, பறக்காதவற்றில் ஆரம்பித்தேன். கரையோரத்து உமரிச் செடி நன்றாக ஒத்துழைத்தது. பிறகு தும்பி. அப்புறம் டச்சுக்காரர் கல்லறையில் புள்ளி ஆந்தை இருக்கிறது என்றார்கள், போனேன். அந்தக் காலத்து ஆட்கள் வாசலிலேயே எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அன்று நான் எடுத்த படத்தில் ஆந்தை இல்லை. எலும்புக்கூடு மட்டும் இருக்கிறது. அதுவும் ஆடிப் போயிருக்கிறது.

ஆனால், மனசெல்லாம் மீன்கொத்திமேல்தான். வெளியூரிலிருந்து பெரிய பெரிய கேமராவோடு வருகிறவர்கள் எல்லோரும் பூநாரையைத்தான் எடுப்பார்கள். எனக்கோ, அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்து, கல் மாதிரி தண்ணீரில் விழுந்து, வாயில் மீனோடு எழும் அந்தக் கருப்பு வெள்ளைக்காரன் வேண்டும்.

"மாமா, ஒரு நாள் என்னையும் கூட்டிக்கினு போங்களேன்."

"வர்ற ஞாயித்துக்கெழம நம்ம மொற. வா. ஆனா படகுல உக்காந்துக்கினு சாமி பேரெல்லாம் சொல்லாத. போன தபா நீ கத்துன கத்துல மீனெல்லாம் பயந்துபோச்சு."

முறை என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. ஊரே கூடி சீட்டுக் குலுக்கி, இன்ன இடத்தில் இன்ன நாள் இன்ன வீட்டார் என்று வைத்திருக்கும். அதற்குப் பாடு என்று பெயர். இரண்டு இடத்துக்கும் நடுவில், சிவப்புத் துணி கட்டிய ஒரு குச்சியை ஊர் சார்பில் ஊன்றிவிடுவார்கள். குச்சியைத் தாண்டி வலை போட்டால் பிடித்ததெல்லாம் அடுத்தவருக்கு. அடுத்த முறையும் கிடையாது. அதைவிட, வலையை நகர்த்துகிறவன் என்ற பெயர் வந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள். மாமா அந்தப் பெயர் வாங்காதவர். இறால் நன்றாகக் கிடைக்கும் மார்கழியில், நல்ல இடமாக, அவருக்கு வெகு காலம் கழித்து வந்த முறை அது.

அன்று பனி என்றால் அப்படியொரு பனி. கரை தெரியவில்லை, கலங்கரை விளக்குக் கோபுரம் தெரியவில்லை, என் கை மட்டும் தெரிந்தது. ஏரியின் நடுவே, எல்லைக்கு அந்தப் பக்கம் ஏழுமலை அண்ணனின் இடத்தில், முழங்கால் ஆழத்தில் ஒரு மணல் திட்டு. மாமா என்னையும் ஒரு பெரிய மீன்கூடையையும் அதில் இறக்கிவிட்டார்.

"நாங்க போயி வலைப் படகை இஸ்துக்கினு வர்றோம். நீ இங்கியே நில்லு. தோ மங்கலா தெரியுது பாரு குச்சி, அதான் எல்லை. பார்த்துக்கோ."

"மாமா, திருக்கை வந்து குத்திச்சுனா?"

"குத்துனா 'தேசப்பன் மச்சான்'னு சொல்லு, வுட்டுடும்."

குமார் சிரித்த சிரிப்பு, படகு பனியில் மறைந்த பிறகும் கேட்டது.

அப்போதுதான் வந்தது என் மீன்கொத்தி. நேராகப் போய்க் குச்சியின்மேல் உட்கார்ந்தது. பைகளை அவிழ்த்து, கேமராவை நீட்டி, ஜூமை முழுக்க இழுத்து எடுத்தேன். படத்தில் புள்ளி மாதிரி ஏதோ இருந்தது. கிட்டே போகலாம் என்றால், குச்சி இருந்த இடத்தில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வரும்போல் இருந்தது. கேமரா நனையும், கால் வழுக்கும், திருக்கை இருக்கும், எனக்கு ஏதாவது ஆனால் அக்கா அழுவாள் என்று வரிசையாக யோசித்தேன். யோசித்து முடித்ததும் ஒரு வழி தோன்றியது. வாழ்க்கையில் எனக்குத் தானாகத் தோன்றிய ஒரே யோசனை அதுதான்.

கேமராவைத் திட்டின்மேல் கவிழ்த்து வைத்திருந்த மீன்கூடைமேல் பத்திரப்படுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு போய், குச்சியைப் பிடுங்கி வந்து, திட்டுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். பறவையிடம் நான் போக முடியாவிட்டால் என்ன, பறவையின் நாற்காலி என்னிடம் வரட்டுமே! படம் எடுத்ததும் திரும்ப வைத்துவிடுவதாகத்தான் எண்ணம். எல்லை, சீட்டு, பஞ்சாயத்து எதுவும் அந்த நேரத்தில் தலையில் இல்லை. தலையில் மீன்கொத்தி மட்டும்தான் இருந்தது.

மீன்கொத்தி வருவதற்குள் மாமா வந்துவிட்டார். பனியில் குச்சியின் சிவப்புத் துணியை மட்டும் பார்த்து, குமாரோடு சேர்ந்து மளமளவென்று வலையை இறக்கிவிட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். "இங்க மீனு கீது, பேசாத" என்றார். மூடிக்கொண்டேன்.

பனி விலகியது. வெயில் பட்டதும் ஏரி பளபளத்தது. மீன்கொத்தி, வாயில் துடிக்கும் மீனோடு, என் குச்சியில் வந்து உட்கார்ந்தது. பின்னால் தூரத்தில் கரையோரச் சவுக்குத் தோப்பு, அதன் பக்கத்தில் விளக்குக் கோபுரம். க்ளிக். உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமானவன் அந்த நொடியில் யாருமில்லை.

அடுத்த நொடியில் ஏழுமலை அண்ணனின் படகு.

"இன்னா நைனா தேசப்பா! என் எடத்துல உன் வலை இன்னா பண்ணுது?"

"குச்சிக்கு இந்தாண்டதான போட்டுக்கிறேன்!"

"குச்சி எங்க இருக்கணும், எங்க இருக்குது? ஆளு நல்லவரு மாதிரி இருந்துக்கினு இப்டி பேஜார் பண்றியே!"

கோபத்தில் அவர் குச்சியைப் பிடுங்கித் தன் படகில் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

மீன் ஏலக் கூடத்தில் ஊர் கூடியது. ஏழுமலை அண்ணன் கத்தினார். மாமாவோ, "குச்சி இருந்த எடத்துலதான் போட்டேன்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அடுத்த முறையும் போய்விடும் என்று ஆகிவிட்டது. மாமாவைத் திருடன் என்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுந்தேன்.

"எங்க மாமா பொய் சொல்லமாட்டாரு. அவர் குச்சிக்கு இந்தப் பக்கம்தான் போட்டாரு. படமே இருக்குது!"

ஊர்த் தலைவர் கேமராவை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். பறவையைப் பாராட்டுவார் என்று ஒரு கணம் (வெட்கத்தோடு சொல்கிறேன்) காத்திருந்தேன். அவர் பறவையைப் பார்க்கவே இல்லை.

"குச்சிலேர்ந்து பார்த்தா வெளக்கு சவுக்குத் தோப்புக்குத் தெக்கால நிக்கணும். இதுல வடக்கால நிக்குதே?"

கேமரா கைமாறிக் கைமாறிப் போனது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். தலைவர் மறுபடி வாங்கி, ஏதோ பித்தானை அழுத்தினார். முந்தைய படம் வந்தது: கூடைக்குப் பக்கத்தில் வெறும் குச்சி. அதற்கு முந்தையது: என் கட்டைவிரல். அதற்கும் முந்தையது: அதே கூடை, குச்சி மட்டும் வெகு தூரத்தில், அதன்மேல் ஒரு புள்ளி.

தலைவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, குச்சி நடந்தா வந்துது?"

"இல்லீங்க. நான்தான்... குருவி உக்கார..."

"குருவி உக்கார?"

"எனக்கு அவ்ளோ ஆழம் பயமுங்க."

ஏழுமலை அண்ணன்தான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "தேசப்பா, உன்மேல தப்பில்ல நைனா. இந்த மச்சானை வச்சிக்கினு குடும்பம் நடத்துறியே, நீ பெரிய ஆளு!"

குமார் எழுந்து, "அந்தக் குருவிக்கும் அபராதம் போடுங்க. அதுவும் ஏழுமலை அண்ணன் எடத்துலதான் மீன் புடிச்சிக்கீது" என்றான்.

தீர்ப்பு: மாமா மீது குற்றமில்லை, அவருடைய அடுத்த முறை அப்படியே இருக்கும். அன்றைய இறால் முழுவதும் ஏழுமலை அண்ணனுக்கு. ஊர்க் குச்சியைத் தொட்டதற்கு எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் அபராதம். என் சட்டைப்பையில் பஸ் டிக்கெட் மட்டும்தான் இருந்தது. மாமாதான் கட்டினார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் போட்டோக்காரர், "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்று சொன்னால் போதும், பந்தியிலிருந்து யாராவது, "ஆளை நகர்த்துப்பா, குச்சியை நகர்த்தாதே!" என்று கத்துவார்கள். மணப்பெண்ணே சிரிப்பாள்.

கடனை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். மாமா வாங்க மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலன்று, உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஐம்பது ரூபாய் மட்டும் வாங்குவார். எதற்கு அந்த ஐம்பது என்று புது மருமகனோ மருமகளோ கேட்பார்கள். அதற்காகத்தான் அவர் காத்திருப்பார். முழுக் கதையையும், நான் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் நடந்ததை நடித்துக் காட்டி முடித்த பிறகே நோட்டை மடித்துப் பையில் வைப்பார்.

சென்ற பொங்கல் வரை போக, பாக்கி ஆயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.